மானிப்பாயும் இணுவிலும்: எம் அயலின் இரு வைத்தியசாலைகள்

எம்மில் எத்தனையோ பேருடைய பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் பிறந்த இடம் மானிப்பாய் அல்லது இணுவில் என்றிருக்கும். பெற்றோரின் ஊர் சண்டிலிப்பாயாகவோ சுன்னாகமாகவோ இருக்கலாம், பிறந்தது வைத்தியசாலையில். கனடாவிலும் லண்டனிலும் படிவம் நிரப்பும்போது நாம் இன்றும் எழுதுவது அவ்வூர்ப் பெயரைத்தான். அவ்விரு வைத்தியசாலைகளின் கதையில் பெண் கல்வியின் கதையும் கலந்திருப்பதால், நூற்றாண்டு மலரில் அதற்கும் ஓர் இடம் தருகிறோம்.

அமெரிக்க மிஷன் வைத்தியப் பணி 1820 இல் பண்டத்தரிப்பில் வைத்தியர் ஜோன் ஸ்கடருடன் தொடங்கியது. வட்டுக்கோட்டையில் வைத்தியர் நேதன் வார்ட் அதைத் தொடர்ந்தார். 1847 இல் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மறு ஆண்டே மானிப்பாயில் நிலைகொண்டார். நோயாளரைப் பார்த்ததோடு அவர் நிற்கவில்லை. உள்ளூர் இளைஞரை வைத்தியராக்கினார். அவரிடம் பயின்றோர் தொகை அறுபதுக்கு மேல். 1850 இல் அரசாங்க அதிபர் டைக் யாழ்ப்பாண நகரில் வைத்தியசாலை நிறுவியபோது, அங்கும் மானிப்பாயில் கற்றவர்கள் பணியாற்றினர்.

கிறீன் முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால் ஆங்கிலம் கற்ற வைத்தியர் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போய்விடுவதைக் கண்டார். தமிழில் கற்றவர் தம் கிராமத்திலேயே தங்குவார், நோயாளியின் மொழியிலேயே நோயை விளக்குவார் என்று எண்ணி, 1864 முதல் தமிழில் கற்பிக்கலானார். அதற்குப் பாடநூல் வேண்டுமே! மாணவரின் துணையுடன் உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் என ஒவ்வொன்றாகத் தமிழாக்கினார். 1873 இல் அமெரிக்கா திரும்பிய பின்னரும் அவ்வேலையை விடவில்லை; இரசாயன நூல் 1875 இல் வெளிவந்தது. 1884 இல் காலமான அவருடைய கல்லறையில், தமிழருக்கு ஊழியஞ் செய்த வைத்தியர் என்றே பொறிக்கப்பட்டுள்ளது. மானிப்பாய் வைத்தியசாலை அவர் நினைவைத் தாங்கி நிற்கிறது.

இத்தனையிலும் ஒரு குறை இருந்தது. பிரசவ வைத்திய நூல் தமிழில் இருந்தும், அதைக் கற்றவர்கள் ஆண்களே. அந்நாளைய யாழ்ப்பாணத்தில் ஆண் வைத்தியரிடம் போகப் பெண்கள் கூசினர், வீட்டாரும் விடவில்லை. மருத்துவிச்சியின் கைக்கு மிஞ்சிய பேறு தாய்க்கோ பிள்ளைக்கோ, சிலவேளை இருவருக்குமோ முடிவாயிற்று. இதைக் கண்ட மேரி, மார்கரெட் லீச் சகோதரிகள் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் நிதி திரட்டினர். அதன் பயனாகப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென 1898 இல் இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை உருவாயிற்று. வைத்தியர் இசபெல்லா கர் அங்கு நெடுங்காலம் சேவையாற்றினார். பெண்ணைப் பெண்ணே பார்க்கும் இடம் என்றதும் சைவக் குடும்பங்களும் தயங்காது வந்தன. வைத்தியசாலை வளர வளரத் தாதியர் தேவைப்பட்டனர். பாடம் படித்து, மருந்துக் குறிப்பை வாசித்து எழுதத் தெரிந்த பெண்கள் இருந்தாலன்றோ தாதியர் கிடைப்பர்? ஆகவே பெண்கள் பாடசாலையும் பெண்கள் வைத்தியசாலையும் ஒன்றுக்கொன்று கைகொடுத்தே வளர்ந்தன.

நகர வைத்தியசாலையை 1907 இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. பின்னர் அதுவே போதனா வைத்தியசாலையாகக் குடாநாட்டின் பாரமெல்லாம் சுமந்தது. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் ஒரேயடியாகத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, பக்கத்தில் ஒரு வைத்தியசாலை இருப்பதன் அருமை எல்லோருக்கும் விளங்கிற்று. நிறைமாதக் கர்ப்பிணிக்கும் காய்ச்சற் பிள்ளைக்கும் ஐந்து மைல் என்பது பெருந்தூரம். இன்றும் நள்ளிரவில் நோவு கண்டால் அப்படித்தான்.

எம் பழைய மாணவியரில் வைத்தியர்களும் தாதியரும் பலர். அவர்களுள் கடல் கடந்து வாழ்வோர் மெத்த. போர் துரத்தியவர்களைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனாலும் கிறீனை வாட்டிய கேள்வி எம் முன்னாலும் நிற்கிறது: கற்றவர் போய்விட்டால் ஊருக்கு யார்? விடுமுறையில் வரும் வைத்தியர் சில நாட்களை ஊர் வைத்தியசாலைக்கு ஒதுக்கலாம். வரமுடியாதவர், தாதியர் பயிற்சிக்குப் போகும் ஒரு மாணவியின் செலவை ஏற்கலாம். நோயாளிக்கு விளங்கும் தமிழில் ஒரு நலக் குறிப்பேனும் எழுதலாம். அன்று சிலர் தொடங்கிய பணி இது. அதைத் தொடர எம்மிடம் இன்று ஆட்கள் உண்டு.