சேர்ச்சிலும் அளக்கப்பட்ட மக்கள் மனமும்

1940ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் திகதி வின்ஸ்ரன் சேர்ச்சில் பிரித்தானியப் பிரதமரானார். சில நாட்களுள் தகவல் அமைச்சின் ஒரு பிரிவு நாள்தோறும் இரகசிய அறிக்கை எழுதத் தொடங்கிற்று. அது பகைவனைப் பற்றியதன்று; தன் நாட்டு மக்கள் எதனை அஞ்சினர், எவரை நம்பினர், பிரதமரின் வானொலி உரையைக் கேட்டபின் என்ன பேசிக்கொண்டனர் என்பன பற்றியது. அமைச்சு அப்போது இலண்டன் பல்கலைக்கழகத்தின் செனற் மாளிகையிலே குடியிருந்தது. பிரிவின் முதல் தலைவர் மேரி அடம்ஸ், பீ. பீ. சி.யிலிருந்து வந்தவர்.

சான்று திரட்டிய முறை சுவையானது. பிராந்திய அலுவலர் தொலைபேசியில் அறிவித்தவை, தணிக்கையாளர் பிரித்துப் படித்த கடிதங்கள், பொலிசாரின் குறிப்புகள் யாவும் ஓரிடத்தை வந்தடைந்தன. 1937இல் தோன்றிய 'மாஸ் ஒப்சவேஷன்' என்னும் அமைப்பும் அரசாங்கப் பணம் பெற்று இதிற் பங்குகொண்டது. அதன் அவதானிகள் மதுச்சாலையிலும் தெருவிலும் மக்கள் பேசியதைப் பேசியவாறே எழுதினர். படமாளிகையிற் செய்திப்படம் ஓடுகையில் எத்தலைவரின் உருவத்துக்குக் கைதட்டல் எழுந்தது, எவருக்கு மௌனம் கிடைத்தது என்பதையுங் குறித்தனர்.

மக்கள் இதனை விரும்பினரா? வீடு வீடாகச் சென்று வினவியோரைப் பத்திரிகைகள் அமைச்சர் டஃப் கூப்பரின் ஒற்றர்கள் என எள்ளி நகையாடின. 1940 கோடையில் நாடாளுமன்றத்திலும் இது கண்டிக்கப்பட்டது. கண்டனத்தில் நியாயமில்லாமலில்லை. குடிகளின் மனத்தை அறிய விழைந்த அரசு, தான் அறிந்ததைக் குடிகளிடம் மறைத்தது. செவிகொடுத்தலும் வேவுபார்த்தலும் பிரிவது இங்கேதான்.

1941இல் பிரிவின் பொறுப்பு ஸ்ரீபன் ரெய்லர் என்ற மனநோய் மருத்துவரிடம் வந்தது. மக்களின் மன உறுதியை அவர்தம் சொற்களால் அன்றிச் செயலாலேயே அளக்கவேண்டும் என்றும், உணவு, ஓய்வு, வேலை, குடும்பத்தின் பாதுகாப்பு என்பவற்றிலேயே அது பெரிதும் தங்கியுள்ளது என்றும் அவர் கருதினார். தலைவரின் பேச்சொன்றே மனத்தைத் தாங்கும் என்ற எண்ணத்துக்கு இது மாறானது.

சேர்ச்சிலைப் பற்றிய எண்களோ கண்ணைப் பறிப்பன. தனியார் நிறுவனமான கலப்பின் கணிப்பில் 1940 யூலையில் அவரை ஏற்றோர் நூற்றுக்கு 88 பேர். போர்க்காலத் தோல்விகளிடையேயும் அது 78க்குக் கீழே இறங்கவில்லை. ஆயின் அவரது அரசாங்கம் போரை நடத்திய முறையிலே திருப்தி கொண்டோர் 1942இன் சில மாதங்களிற் பாதிக்கும் குறைவு. மனிதரையும் ஆட்சியையும் மக்கள் வேறு வேறாகவே நிறுத்தார்கள்! அவ்வாண்டு டிசம்பரில் வெளியான பெவரிட்ஜ் அறிக்கைக்கு எழுந்த பெரு வரவேற்பை அமைச்சின் பிரிவே பதிவுசெய்தது. அரசாங்கம் தயங்கியபோது எழுந்த ஏமாற்றத்தையும் அது மறைக்கவில்லை. 1943 முதற் கலப்பின் கணிப்பிலே தொழிற் கட்சி முந்தி நின்றது. 'மாஸ் ஒப்சவேஷனின்' நிறுவனருள் ஒருவரான ரொம் ஹரிசன், போருக்குப் பிந்திய தேர்தலில் சேர்ச்சில் தோற்பார் என 1944இலேயே எழுதினார்.

ஆகவே குறை கருவியிலன்று. எந்த வினாவின் விடையைப் பெரிதாக எடுப்பது என்பதை ஆள்வோரே தீர்மானித்தனர். போர்த்தலைவரை ஏற்கிறீர்களா என்னும் வினாவின் விடை அவர்களுக்கு இனித்தது. அமைதிக்காலத்தில் இவர் வேண்டுமா என்பது வேறு வினா.

1944இன் இறுதியில் அப்பிரிவு மூடப்பட்டது. 1945 யூலைத் தேர்தலில் தொழிற் கட்சி 393 ஆசனங்களை வென்றது. அவற்றுள் ஒன்றான பார்னெற் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர் டொக்டர் ஸ்ரீபன் ரெய்லர்.