குமாஸ்தாவின் நோட்டுப் புத்தகம்

இவ்வாண்டு பரீட்சை முடிவுகள் வெளியான மாலையில் நம் காலனி நண்பர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. பிள்ளை இந்தியிலும் பௌதிகத்திலும் தவறிவிட்டான், காலையிலிருந்து சாப்பிடவில்லை. ஆறுதலாக ஏதேனும் சொல்ல வேண்டுமே என்று கணித மேதை இராமானுஜன் பெயரை எடுத்தேன். நண்பர் உடனே, "அவர் மேதை, ஸார். என் பையன் அப்படியா?" என்றார். எனக்கு விடை தோன்றவில்லை. மெட்ரிகுலேஷனோடு நின்று, இரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன் நான். அன்றிரவு முதல் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை ஜவுளிக் கடைக் குமாஸ்தா. 1903-இல் மெட்ரிகுலேஷன் தேறி, மறு ஆண்டு உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். அதற்குச் சற்று முன்னர்தான், கார் என்பவர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்குக் கிட்டியிருந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், விளக்கமோ மிகச் சொற்பம். அதில் மூழ்கியவருக்கு ஏனைய பாடங்கள் கசந்தன. ஆங்கிலத்தில் தவறினார், உபகாரச் சம்பளமும் போயிற்று. 1905-இல் வீட்டை விட்டு விசாகப்பட்டினத்திற்குப் போய்விட்டார். பையனைக் காணோம் என்று பத்திரிகையில் செய்தி வந்தது. திரும்பி வந்து, 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அவ்வாண்டும் எஃப்.ஏ. பரீட்சையில் தோல்வி. 1907-இல் தாமாகவே எழுதினார், மீண்டும் தோல்வி.

இருபது வயது இளைஞன், பட்டமில்லை, வேலையில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைக்கலாமென்றால், பாடத் திட்டத்தோடு நிற்க அவரால் இயலவில்லை. காகிதம் வாங்கக் காசு போதாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டார். பிற்காலத்தில் அந்நோட்டுகளை ஆராய்ந்தோர் 3,000-க்கும் மேற்பட்ட முடிவுகளை அவற்றில் கண்டனர்.

"தோல்வியே வெற்றிக்கு முதற்படி" என்று மேடையில் முழங்குவோர் இங்கே கைதட்டுவர். நான் அவ்வளவு விரைவில் கைதட்ட மாட்டேன். அவருடைய ஆற்றலை உலகிற்கு உணர்த்திய பேராசிரியர் ஹார்டியே இதை ஒப்பவில்லை. இராமானுஜன் இளமையில் மறைந்ததைவிட, வழிகாட்டியின்றிக் கழிந்த அந்த ஐந்தாறு ஆண்டுகளே பெருந்துயரம் என்பது அவர் கருத்து. ஐரோப்பாவில் முன்னரே கண்டுபிடித்திருந்தவற்றைத் தனியே மீண்டும் கண்டுபிடிப்பதில் எத்தனை உழைப்புச் செலவாயிற்று! தோல்வி தானாக எவருக்கும் எதையும் கொடுப்பதில்லை என்பதே என் துணிபு. அவர் நோட்டை மூடவில்லை, அது ஒன்று. அதை வாங்கிப் பிரித்துப் பார்த்தவர்கள் சிலர் இருந்தனர்; அது மற்றொன்று.

1910-இல் திருக்கோயிலூருக்குச் சென்று, டிப்டி கலெக்டர் வி. இராமசுவாமி ஐயரிடம் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலை கேட்டார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். சான்றிதழைக் கேளாமல் நோட்டைப் பார்த்தார். இவரைக் கச்சேரியின் கடைசி நாற்காலியில் அடைக்க மனமில்லாமல், சென்னையிலுள்ள நண்பர்களிடம் அனுப்பினார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் முதலில் நம்பவேயில்லை. இளைஞர் மறுபடியும் மறுபடியும் போய் நின்றார். இறுதியில் தம் கையிலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார் ராவ். ஆக, அந்நோட்டைப் பிரித்த போதே ஒரு மேதையைக் கண்டுகொண்டோம் என்று எல்லோரும் நினைத்துவிடவில்லை. என் நண்பர் கேள்விக்கு ஒரு பாதி விடை இங்கே கிடைத்தது.

1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்திற்கு வேலை கேட்டு எழுதிய விண்ணப்பத்தில், தாம் மெட்ரிகுலேஷன் தேறியவர், எஃப்.ஏ. வரை படித்தவர் என்றும், சூழ்நிலையால் மேலே தொடர முடியவில்லை என்றும் குறித்தார். குமாஸ்தா உத்தியோகத்திற்கு விண்ணப்பம் எழுதியவர்களுக்கே அந்த வரியின் கனம் தெரியும். மார்ச் 1-ஆம் தேதி முதல் கணக்குப் பிரிவில் வேலை. சம்பளம் 30 ரூபாய். மேலதிகாரி நாராயண ஐயர் கணிதம் கற்றவர். மாலையில் தம் வீட்டில் அவருடன் சிலேட்டை வைத்துக்கொண்டு அமர்வார். இரண்டு படிகளில் தாவிச் செல்லும் கணக்கைப் பிறருக்கும் விளங்கும்படி விரித்து எழுதச் சொன்னவர் அவரே. கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணை நின்றார். கோதாவரிப் பாலப் பணியில் பங்குகொண்ட பழைய இரயில்வே பொறியாளர் அவர் என்பதில் நமக்கெல்லாம் ஒரு சிறு பெருமை!

1913 ஜனவரி 16-இல், கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு இராமானுஜன் எழுதிய கடிதமும் தம்மைக் குமாஸ்தா என்று கூறியே தொடங்குகிறது. அதற்குமுன் வேறிரு பேராசிரியர்களுக்கு எழுதியும் பயனில்லை. அவையும் தோல்விக் கணக்கில் சேர்ந்தவையே. ஹார்டி படித்தார். அவ்வாண்டு மே மாதத்தில், எஃப்.ஏ.யில் அவரைத் தவறவிட்ட அதே சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. 1914 மார்ச்சில் கப்பலேறினார். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1920 ஏப்ரல் 26-இல் தம் 32-ஆம் வயதில் மறைந்தார்.

இவற்றையெல்லாம் சென்ற மாதம் நண்பரிடம் கூறினேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்ப் பிள்ளையின் நோட்டொன்றை எடுத்து வந்தார். நம் யார்டின் தண்டவாளங்கள், பாயிண்டுகள், சிக்னல் கம்பங்கள் எல்லாம் பென்சிலில் பக்கம் பக்கமாக வரையப்பட்டிருந்தன. அப்படியொரு நோட்டு இருப்பது அந்த வாரம்தான் தமக்கே தெரிந்தது என்றார். பையன் மறுபரீட்சை எழுதியிருக்கிறான். முடிவு இன்னும் வரவில்லை.