பிளந்த மரத்தின் பெயர்

தமிழில் ‘பனிச்சறுக்கு’ என்றதும் நம் கண் சறுக்கலின் மேல்தான் விழுகிறது. அந்த விளையாட்டு இன்றைய வடிவத்தை எடுத்த நார்வேயிலோ, அதன் பெயருக்குப் பனியோடும் உறவில்லை, சறுக்கலோடும் உறவில்லை. நார்வேக்காரர்கள் ‘ஷீ’ என்கிறார்கள். ஆங்கிலேயர் எழுத்தைப் பார்த்து ‘ஸ்கீ’ என்று படித்தார்கள், நாமும் அப்படியே வாங்கிக்கொண்டோம். வேடிக்கை என்னவென்றால், தவறாகப் படித்த ஒலிதான் மூலத்துக்கு நெருக்கம். பழைய நோர்ஸ் மொழியில் அது ‘ஸ்கீத்’. பொருள், பிளந்தெடுத்த மரத்துண்டு. பிளந்த விறகைக் குறிக்கும் ஜெர்மன் ‘ஷைட்’ அதன் உடன்பிறப்பு. வெட்டுதலைக் குறிக்கும் வடமொழி ‘சித்’ தூரத்து உறவு. அந்த வழியில் பார்த்தால், நம் ‘சிரச்சேத’த்தில் உள்ள ‘சேத’மும் இதே குடும்பம்தான்.

பழங்காலத்தில் எல்லாமே மரம்தானே, மரத்தால் ஆனதை மரத்துண்டு என்றழைத்ததில் என்ன சிறப்பு என்று கேட்கலாம். சிறப்பு மரத்தில் இல்லை, பிளப்பதில் இருக்கிறது. ரம்பம் மரத்தின் நாரைக் குறுக்கே அறுத்துவிடக்கூடும். ஆப்படித்துப் பிளந்தால் பிளவு நாரின் போக்கிலேயே ஓடும். அப்படிக் கிடைத்த மெல்லிய பலகை வளையும், எளிதில் முறியாது. நார்வே கிராமங்களில் சாய்வாக அடுக்கிக் கட்டும் மரவேலிக்கு ‘ஷீகார்’ என்று பெயர். பிளந்த கழிகளால் ஆன வேலி என்பதே அதன் பொருள். அடுப்புக்கு விறகு, வயலுக்கு வேலி, காலுக்குப் பலகை என மூன்றும் ஒரே கோடரி வேலையின் விளைவுகள். நீண்ட பனிக்காலத்தில் காட்டுக்கும் பக்கத்துப் பண்ணைக்கும் போய்வர வேண்டிய குடியானவனின் கருவிக்கு அவன் பட்டறையிலிருந்தே பெயர் வந்தது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பழைய நோர்ஸில் வழுக்கிச் செல்வதற்கு ‘ஸ்க்ரீத’ என்ற வினை இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் ஓர்க்னித் தீவுகளை ஆண்ட ரோக்ன்வால்ட் தன் ஒன்பது திறமைகளைப் பாட்டில் பட்டியலிட்டபோது பனியில் வழுக்குவதையும் அந்த வினையாலேயே சொன்னார். ஆகவே அன்றே அது விளையாட்டுதான், கௌரவம்தான் என்பார்கள். மறுக்கவில்லை. ஆனால் வழுக்கல் அங்கே வினையில்தான் இருக்கிறது. பெயர் மரத்தை விட்டு நகரவில்லை. வேறு பெயருக்கும் வாய்ப்பிருந்தது: ஒரு காலில் வழுக்க நீண்ட பலகை, மறுகாலில் உந்தித் தள்ளத் தோல் போர்த்திய குட்டைப் பலகை என்று பூட்டிக்கொள்ளும் வழக்கம் ஸ்காண்டிநேவியாவில் இருந்தது. ‘ஒன்டுர்’ என்றொரு தனிச்சொல்லும் இருந்தது. ஸ்காதி என்ற தேவதைக்கு அதை வைத்தே அடைமொழி உண்டு. இருந்தும் பொதுப்பெயராக நிலைத்தது பிளந்த மரம்தான். இன்றைய நார்வேக்காரர் சமவெளியில் ‘ஷீயில் நடக்கிறேன்’ என்கிறார். மலைச்சரிவில் இறங்கினால் ‘ஷீயில் நிற்கிறேன்’ என்கிறார். இரண்டிலும் சறுக்கல் இல்லை.

விளையாட்டு என்ற அடையாளம் வலுத்தது 19ஆம் நூற்றாண்டில். டெலிமார்க் பகுதியின் மோர்கெடாலைச் சேர்ந்த சோன்ட்ரே நூர்ஹைம் 1868இல் தலைநகர் கிறிஸ்டியானியாவுக்கு வந்து போட்டியில் அசத்தினார். 1888இல் ஃப்ரிட்யோஃப் நான்சென் கிரீன்லாந்தின் உட்பனியைக் கடந்தார். அவருடைய பயண நூலின் நார்வேத் தலைப்பில் ‘ஷீ’ இருக்க, ஜெர்மன் பெயர்ப்பின் தலைப்பில் ‘பனிக்காலணி’ என்றே போட்டார்கள். அன்றைய ஜெர்மன் வாசகருக்கு அந்த வடநாட்டுச் சொல் இன்னும் பழகவில்லை போலும். பிறகு பொருளோடு சொல்லும் ஆல்ப்ஸ் மலைக்குப் போய் உலகச் சொல்லாகிவிட்டது.

மரமே போய்விட்ட பிறகு இந்த ஆராய்ச்சி எதற்கு என்பது கடைசிக் கேள்வி. 1974இல் ஸ்வீடனின் ஃபாலுன் நகரில் நடந்த உலகப் போட்டியில் தாமஸ் மக்னுசன் கண்ணாடியிழைப் பலகையில் 30 கிலோமீட்டர் ஓட்டத்தை வென்றார். சில ஆண்டுகளிலேயே மரப்பலகை பந்தயத்திலிருந்து மறைந்தது. ஆனால் மூலப்பொருள் அழிந்தபின் தேய்ந்துபோகும் சொற்களில் இது சேரவில்லை. கோடையில் நார்வே வீரர்கள் சக்கரம் வைத்த தண்டுகளைக் காலில் பூட்டித் தார்ச்சாலையில் பயிற்சி எடுக்கிறார்கள். மரம் இல்லை, பனி இல்லை, சறுக்கலும் இல்லை. அதற்குப் பெயர் ‘ரூல்லெஷீ’, உருளும் ஷீ. நம் ‘பனிச்சறுக்கு’ அந்தச் சாலையில் ஓரடி கூட எடுத்து வைக்க முடியாது.