வோல்கா கரையிலே – 14: வாளேந்திய தாய்

போன இதழை நவம்பர் 19, 1942 விடியற்காலையில் நிறுத்தியிருந்தேன். சோவியத்தின் யுரேனஸ் தாக்குதல், ருமேனியப் படைகளின் சிதறல், ஜெர்மன் தளபதி பவுலஸின் ஆறாம் படை வளைக்கப்பட்டது எல்லாம் வரிசையில் நிற்கின்றன. அதற்குள் போகுமுன் ஸ்டாலின்கிராட்டின் மாமாயெவ் குன்றில் சற்று ஏறி இறங்கிவிடலாம். ராணுவ வரைபடத்தில் அது வெறும் ‘102’.

செப்டம்பர் 12-இல் சோவியத் 62-ஆம் படையின் பொறுப்பை ஏற்ற தளபதி சுய்கோவ், முதலில் இந்தக் குன்றில்தான் இருந்தார். குண்டு மழை தாங்காமல் கீழே இறங்க வேண்டியதாயிற்று. ஜெர்மானியர் பிடித்த குன்றை, வோல்காவைக் கடந்து வந்த ரோதிம்செவின் காவலர் டிவிஷன் 16-ஆம் தேதி மீட்டது. அப்புறம் ஜனவரி வரை இழுபறிதான். சுய்கோவின் தந்திரம் எளியது. எதிரியை ஒட்டியே நில், குண்டு போட வரும் ஜெர்மன் விமானி தன் ஆள் எவன், நம் ஆள் எவன் என்று தெரியாமல் திண்டாடட்டும். மன உளைச்சலில் கைகளில் தோல்படை வந்து, கட்டுப் போட்டுக்கொண்டே உத்தரவுகள் போட்டார். பின்வாங்கிய அதிகாரிகளைச் சுடவும் தயங்காதவர். நல்ல மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் சிப்பாய்கள் பட்டினியில் சாகும்போதும் ஹிட்லரின் தந்திக்காகக் காத்திருந்த பவுலஸைவிட, இந்த முரடர் எனக்கு ஆயிரம் மடங்கு மேல்.

சண்டை ஓய்ந்தபோது அந்த மண்ணில் சதுர மீட்டருக்கு 500 முதல் 1,250 வரை உலோகத் துண்டுகள் கிடந்தன. 1943 வசந்தத்தில் புல்கூட முளைக்கவில்லை.

அங்கேதான் ‘தாய்நாடு அழைக்கிறாள்’ சிலை எழும்பியது. 1959 மே மாதம் வேலை தொடங்கியபோது ஊர் ஸ்டாலின்கிராட். 1967 அக்டோபர் 15-இல் திறந்தபோது வோல்கோகிராட். பெண்ணின் உயரம் 52 மீட்டர், வாள் 33 மீட்டர், ஆக மொத்தம் 85. அன்றைக்கு உலகத்திலேயே உயரமான சிலை. புகழ் முழுவதும் சிற்பி வுச்செதிச்சுக்கே போயிற்று. சிலைக்குப் போகும் வழியில், நீருக்கு நடுவே வெறும் மார்போடு நிற்கும் சிப்பாய்க்கு அவர் சுய்கோவின் முகச் சாயலைக் கொடுத்தார். பெரிய கலைஞர்தான், மறுக்கவில்லை. ஆனால் என் ஓட்டு பொறியாளர் நிகொலாய் நிகிதினுக்கு.

சின்ன வயதில் பாம்பு கடித்ததால் கால் தாங்கித் தாங்கி நடந்த சைபீரியாக்காரர் நிகிதின். மாஸ்கோவின் 540 மீட்டர் ஓஸ்தாங்கினோ கோபுரமும் அவர் கணக்கில் எழுந்ததே, அதுவும் அதே 1967-இல். (யுரேனஸ் இன்னும் வாசலில் காத்திருப்பது தெரிகிறது, இந்த வாரம் அதற்குப் பக்கம் கிடைக்காது.) இந்தச் சிலை அடித்தளத்தோடு பிணைக்கப்படவே இல்லை. அம்மிக்கல்லைத் தரையில் வைத்த மாதிரி, தன் எடையாலேயே நிற்கிறது. 5,500 டன் கான்கிரீட், 2,400 டன் உலோகம். சுவரின் கனமோ 25 முதல் 30 சென்டிமீட்டர்தான்; உள்ளே சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்திருக்கிறார்கள். விறைத்து நிற்பதற்காக 99 எஃகு வடங்களை உள்ளே இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஓங்கிய கையும் பறக்கும் துணியுமாகக் காற்றை வம்புக்கிழுக்கும் உருவத்தைக் கற்பனை செய்வது சிற்பிக்குச் சுலபம். அது விழாமல் நிற்கக் கணக்குப் போட்டவரின் தூக்கத்தை யார் நினைத்தார்கள்?

முதலில் மக்கர் செய்தது வாள். எஃகுச் சட்டத்தின்மேல் டைட்டானியத் தகடு போர்த்தியிருந்தார்கள். குன்றின் உச்சிக் காற்றில் தகடுகள் கடகடத்தன, வாள் ஆடியது. 1972-இல் அதைக் கழற்றிவிட்டு, காற்று புகுந்து வெளியேறத் துளைகள் வைத்த எஃகு வாளைப் பொருத்தினார்கள். அடுத்த ஆண்டே நிகிதின் காலமானார். வுச்செதிச் 1974-இல். 1982-இல் இறந்த சுய்கோவ் மட்டும், தன் விருப்பப்படியே, அந்தக் குன்றிலேயே அடக்கமானார்.

சிலைக்கு வயதானபோது வேறு தொல்லைகள் வந்தன. குன்றுக்குள் ஊறும் நிலத்தடி நீர் அடித்தளத்தை அசைத்தது; சாய்கிறது என்ற பேச்சு எழுந்தது. கான்கிரீட்டின் விரிசல்களில் புகுந்த தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்து, விரிந்து, விரிசலை இன்னும் பிளந்தது. 2019-இல் தொடங்கிய பெரிய சீரமைப்பில் சிலையைச் சுற்றிச் சாரம் கட்டினார்கள். மேற்பரப்பைக் கழுவினார்கள், விரிசல்களை அடைத்தார்கள், நீர் புகாத காப்புப் பூச்சு கொடுத்தார்கள். போர் வெற்றியின் எழுபத்தைந்தாவது ஆண்டான 2020-இல் சாரம் இறங்கியது. இது வெளி உடம்புக்குச் செய்த வைத்தியம். பூச்சு உரிந்தால் இன்னொரு தடவை பூசலாம். உள்ளே இழுத்துக் கட்டிய வடங்களில் துரு ஏறினால் அந்தச் சிலைக்குப் பதில் சொல்ல வேண்டியது சிற்பக்கலை அல்ல. நிகிதினின் தொழிலை இன்று செய்கிறவர்கள்தான்.

(தொடரும்)