ஸ்கூபா முக்குளிப்பில் காற்றுச் சோதனையின் வரலாறு

மூச்சுவிடத் தேவையான காற்றை ஒருவர் தாமே சுமந்து சென்று நீருக்கடியில் நீந்தும் முறை ஸ்கூபா முக்குளிப்பு எனப்படுகிறது. நீரில் இறங்கும் முன் காற்றுக் கலனையும் மூச்சுக் கருவியையும் சோதிப்பது இதன் முதன்மையான பாதுகாப்புப் பழக்கம். இப்பழக்கம் ஒரே நாளில் வகுக்கப்பட்டதன்று. விபத்துகளும் கருவிகளின் குறைபாடுகளும் கற்பித்த பாடங்களால், 20ஆம் நூற்றாண்டில் சிறிது சிறிதாக உருவானது.

பொறுப்பு கைமாறிய காலம்

1830களில் அகஸ்டஸ் சீபே உருவாக்கிய தலைக்கவச உடையை அணிந்தவருக்கு, மேலே இருந்தவர்கள் பம்பின் மூலம் குழாய் வழியே காற்றை அனுப்பினர். காற்று தடைபடாமல் பார்த்துக்கொள்வது அவர்களின் பொறுப்பு.

1943இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கஞ்ஞானும் இணைந்து 'அக்வாலங்' கருவியை உருவாக்கினர். போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டால் எரிவாயுவில் ஓடிய கார்களுக்கென அமைத்திருந்த வால்வையே கஞ்ஞான் இதற்கு மாற்றியமைத்தார். மூச்சை இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஏற்ப அது காற்றைத் தந்தது. குழாயிலிருந்து முக்குளிப்பவர் விடுபட்டார். ஆனால் கலனில் என்ன காற்று இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பொறுப்பும் அவரிடமே வந்து சேர்ந்தது.

வோக்ளூஸ் ஊற்று

1946 ஆகஸ்டில் தென் பிரான்சின் வோக்ளூஸ் ஊற்றில் கூஸ்தோவும் பிரெடெரிக் துமாவும் இறங்கினர். ஆழத்தில் இருவருக்கும் அறிவு மயங்கியது. மேலே கயிற்றைப் பிடித்திருந்த மோரிஸ் ஃபார்க் இழுத்ததால் உயிர் தப்பினர். கலன்களை நிரப்பிய அமுக்கி இயந்திரம், தன் எஞ்சின் வெளியிட்ட புகையையே உள்ளிழுத்திருந்தது பின்னர் தெரியவந்தது. காற்றில் கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தது.

ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடுவதால், சிறிதளவு நச்சு வாயுவும் பன்மடங்கு வலிமை பெறும். எனவே அமுக்கியின் காற்று நுழைவாய் புகைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும் என்பது விதியானது. முக்குளிப்பவர் முதலில் சில மூச்சுகள் இழுத்து, எண்ணெய் வாடையோ புகை வாடையோ வந்தால் அக்கலனை ஒதுக்குகிறார். கார்பன் மோனாக்சைடுக்குத் தனி மணம் இல்லை. ஆகவே வாடை இல்லை என்பது மட்டுமே முழு உறுதி ஆகாது.

நெம்புகோலும் அழுத்தமானியும்

தொடக்கக் காலக் கருவிகளில் நீருக்கடியில் காற்றின் அளவைக் காட்டும் மானி இல்லை. மூச்சிழுக்கக் கடினமானால் காற்று தீரப்போகிறது என்று பொருள். இதற்குத் தீர்வாக வந்தது 'ஜே' வால்வு. கலனின் அழுத்தம் ஏறத்தாழ 20 பாருக்கு இறங்கியதும் அது காற்றைத் தடுக்கும். நெம்புகோலை இழுத்தால் மிச்சக் காற்று கிடைக்கும். ஆனால் எதிலாவது உரசி நெம்புகோல் முன்பே இறங்கியிருந்தால், சேமிப்பும் அறியாமலே தீர்ந்துவிடும். ஆகவே இறங்கும் முன் நெம்புகோலின் நிலையைப் பார்ப்பது அக்காலத்தில் கட்டாயப் பழக்கமாயிற்று.

நீருக்கடியில் பார்க்கக்கூடிய அழுத்தமானி 1970களில் பரவலானது. 12 லிட்டர் கலன் 200 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 2,400 லிட்டர் காற்றைக் கொள்ளும். நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவழிப்பவர், 50 பாரைச் சேமிப்பாக விட்டுவைத்தால், நீர்மட்டத்தில் 90 நிமிடம் மூச்சுவிடலாம். 10 மீட்டர் ஆழத்தில் அது 45 நிமிடமாகவும், 30 மீட்டரில் சுமார் 22 நிமிடமாகவும் குறையும். அதனால் அளவைத் தொடக்கத்தில் ஒருமுறை பார்ப்பது போதாது. அடிக்கடி பார்க்க வேண்டும்.

முள் சொல்லாத செய்தி

கலன் நிறைந்திருந்தும் விபத்து நேரலாம். வால்வை முழுவதும் திறந்து, சிறிது பின்னோக்கித் திருப்புவது பழைய வழக்கம். திசை குழம்பியவர்கள் வால்வை ஏறக்குறைய மூடிவிட்டுச் சிறிது மட்டும் திறந்துவைக்க இது இடமளித்தது. அந்நிலையிலும் மானி நிறைந்த அளவையே காட்டும். படகில் மூச்சும் இயல்பாகவே வரும். ஆழத்தில்தான் காற்று போதாமல் போகும். எனவே இன்று முழுவதும் திறந்தே வைக்குமாறு பல பயிற்றுநர்கள் கற்பிக்கின்றனர். மானியைப் பார்த்தபடியே சில மூச்சுகள் ஆழமாக இழுப்பதே உரிய சோதனை. ஒவ்வொரு மூச்சுக்கும் முள் தாழ்ந்து எழுந்தால் வால்வு சரியாகத் திறக்கப்படவில்லை.

துணைவரும் சேமிப்பும்

மிதவைச் சட்டை, எடைகள், கொக்கிகள், காற்று, இறுதிப் பார்வை என்ற வரிசையில் துணைவர்கள் ஒருவரையொருவர் சோதிப்பது பயிற்சியின் பகுதியானது. காற்றைப் பகிர்வதற்கான இரண்டாவது வாய்க்கருவியும் அப்போது சோதிக்கப்படுகிறது. குகை முக்குளிப்பில், மூன்றில் ஒரு பங்கு காற்று போகவும், ஒரு பங்கு திரும்பவும், ஒரு பங்கு இடருக்கும் என ஒதுக்கும் விதி நிலைபெற்றது. அமெரிக்க முக்குளிப்பாளர் ஷெக் எக்ஸ்லி 1979இல் வெளியிட்ட கையேடு, குகை விபத்துகளை ஆராய்ந்து இத்தகைய விதிகளை வலியுறுத்தியது.

2008இல் வெளியான ஓர் ஆய்வு 947 முக்குளிப்பு மரணங்களை ஆராய்ந்தது. தொடக்கக் காரணம் கண்டறியப்பட்டவற்றில் 41 விழுக்காடு காற்றுப் போதாமையால் தொடங்கியவை. அழுத்தமானி பரவலாகிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் நிலை இதுவாக இருந்தது. கருவி அளவைக் காட்டும். அதைப் பார்ப்பதும், உரிய நேரத்தில் திரும்புவதும் முக்குளிப்பவரின் பழக்கத்தைப் பொறுத்தவை.