ரேடியேட்டர் ஓட்டையும் வட துருவமும்

கார் எஞ்சினின் சூட்டைத் தணிப்பது ரேடியேட்டரில் ஓடும் தண்ணீர்தான். அதில் ஓர் ஊசித் துளை விழுந்தால் போதும், தண்ணீர் ஒழுகிக் குறைந்து எஞ்சின் கொதிக்க ஆரம்பித்துவிடும். கார் வந்த காலம் முதலே இந்தத் தலைவலி உண்டு.

1908-ல் அமெரிக்காவில் ஃபோர்டு மாடல் டி கார் வந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள் தயாராயின. வாங்கியவர்களில் விவசாயிகள் ஏராளம். பக்கத்தில் மெக்கானிக் கிடையாது. அன்றைய ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் என்பதால் ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். ஆனால் நடுவழியில் என்ன செய்வது?

கைகொடுத்தது சமையலறைதான்! முட்டையின் வெள்ளைக்கருவை உள்ளே ஊற்றினால், சுடுதண்ணீரில் வெந்து துளையில் போய் அடைத்துக்கொள்ளும். மிளகுத்தூளும் அப்படித்தான். தண்ணீர் வெளியேறும் இடத்துக்குத் துகள்களும் சேர்ந்து போகும், அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஓட்டை எங்கே என்று தேட வேண்டியதே இல்லை. இதே யோசனைதான் பிறகு 'ஸ்டாப் லீக்' என்ற பெயரில் டப்பாவில் அடைபட்டுக் கடைக்கு வந்தது.

இதன் பெருமை 1958-ல் தெரிந்தது. உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸ், பனிக்கு அடியில் வட துருவம் செல்லும் ரகசியப் பயணத்துக்குத் தயாரானது. அப்போது நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டென்சரில் கடல்நீர் கசிந்தது. உப்புநீர் கலந்தால் கப்பலின் நீராவி இயந்திரமே அரித்துப் போகும். எவ்வளவு தேடியும் ஓட்டை அகப்படவில்லை. பனிக்கு அடியில் பழுதானால் மேலே வரவும் வழியில்லை.

கேப்டன் வில்லியம் ஆண்டர்சனுக்குக் கார் ரேடியேட்டர் நினைவுக்கு வந்தது. மாலுமிகள் சாதாரண உடையில் சியாட்டில் நகரின் கடைகளில் ஏறி இறங்கி 140 குவார்ட் ஸ்டாப் லீக் வாங்கி வந்தார்கள். ஏறத்தாழ 130 லிட்டர்! ஊற்றினார்கள், கசிவு நின்றது. 1958 ஆகஸ்ட் 3 அன்று 116 பேருடன் நாட்டிலஸ் வட துருவத்தைக் கடந்தது.

ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. துளையை அடைக்கும் பொருள் அதிகமானால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும். காரில் இது பட்டறை போய்ச் சேரும்வரைக்கான வைத்தியம் மட்டுமே. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் பீறிடும்.

கோடிக்கணக்கில் செலவழித்த கப்பலைக் காப்பாற்றியது ஏதோ பெரிய ஆராய்ச்சி அல்ல, சாதாரண கார்க்காரனின் அனுபவ அறிவு!