மூளைக்கட்டி நோயாளரின் சுயபராமரிப்பு: நெல்லைச் சூழலில் உளக்காரணிகளும் அறிகுறிகளும்

முன்னுரை

மூளைக்கட்டி அறுவை முடிந்து வீடு திரும்புபவருக்கு அன்றாடக் கடமைகள் பல. வலிப்பு மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிட வேண்டும்; டெக்ஸாமெத்தசோன் எனும் ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்தக் கூடாது; கதிர்வீச்சு சிகிச்சையை இடையில் விடக் கூடாது. தம் உயிரையும் நலத்தையும் பேணத் தாமே செய்துகொள்ளும் இத்தகைய செயல்களையே செவிலியியல் அறிஞர் டோரதியா ஓரெம் சுயபராமரிப்பு என்றார். இவற்றில் தவறுபவரை ‘ஒத்துழைக்காதவர்’ என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்தத் தவறுதலுக்கு நோயின் அறிகுறி, மனத்துயர், குடும்பத்தின் அச்சம் என மூன்று வேர்கள் உண்டு. மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அறிகுறி எனும் தடை

திட்டமிடுவதும் தொடங்குவதும் நினைவில் கொள்வதும் மூளையின் வேலைகள். இந்நோய் தாக்குவதோ அந்த மூளையையே. முன்மடலில் கட்டி உள்ளவருக்கு மாத்திரை எதிரே இருக்கும், நேரமும் தெரியும். ஆனால் கை எழாது. வருத்தம் ஏதுமின்றிச் செயலூக்கம் மட்டும் வற்றிப்போகும் இந்நிலை மனச்சோர்வு அன்று. அதைச் சோம்பல் என்பது இன்னும் பெரிய பிழை. சிலருக்குத் தம் குறைபாடே புலப்படுவதில்லை. ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கிறது. லெவெடிராசிட்டம் எனும் வலிப்பு மருந்து சிலருக்கு எரிச்சலை மூட்டுகிறது. கதிர்வீச்சு தரும் களைப்பு ஓய்வெடுத்தாலும் எளிதில் தீர்வதில்லை. இங்கே அறிவுரை பயன்படாது. வேளைவாரியாகப் பிரித்த மாத்திரைப் பெட்டி, கைபேசி அலாரம், அருகிருந்து தொடங்கிவைக்கும் ஒருவர் ஆகியவையே பயன்படும்.

மனத்துயரும் வருமானமும்

முக்கூடல், ஆலங்குளம் பகுதிகளில் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். மடியில் சுளகை வைத்துக்கொண்டு, நறுக்கிய இலையில் தூளைப் பரப்பிச் சுருட்டி, முனையை மடக்கி நூல் கட்டுவது விரல் நுனிகளின் வேலை. இயக்கப் பகுதியில் கட்டி வளர்ந்தால் பிடி தளரும், முனை மடங்காது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே கூலி. ஆகவே கை தளர்ந்த நாளிலேயே வருமானமும் குறைகிறது. ‘எனக்கு எதுக்கு இம்புட்டுச் செலவு’ என்ற குற்றவுணர்வு அங்கே பிறக்கிறது. சொல்லாமல் மாத்திரையைக் குறைத்துக்கொள்வதும் மறுபரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் அதன் விளைவுகள். 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைத் தாங்குகிறது; இழந்த கூலியை அது ஈடுசெய்வதில்லை. இத்துயருக்கு மனநல ஆலோசனையும் வருமான உதவியும் ஒருசேரத் தேவை.

குடும்பத்தின் அச்சம்

‘அவங்ககிட்ட சொல்லிராதீங்க’ என்று மருத்துவரிடம் உறவினர் கெஞ்சுவது அன்பினால்தான். ஆனால் நோய் இன்னதென்று அறியாதவர், தலைவலி தணிந்ததும் மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிடுவது இயல்பு. வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிப்பவர்கள் இன்றும் உண்டு. இரும்பு வலிப்பை நிறுத்தாது. ஒருக்களித்துப் படுக்க வைப்பதே மூச்சுப்பாதையைக் காக்கும். மற்றொரு புறம், குளிப்பாட்டுவது முதல் ஊட்டிவிடுவது வரை எல்லாவற்றையும் வீட்டார் ஏற்றுக்கொண்டால், எஞ்சியிருக்கும் திறனும் பழக்கமற்று மங்கும். எதை நோயாளியிடமே விடுவது, எதில் கைகொடுப்பது என்பதைக் குடும்பத்துக்குக் கற்பிக்க வேண்டும்.

ஒரு மறுப்பும் விடையும்

ஆயுள் குறுகிய நோயில் சுயபராமரிப்பை வலியுறுத்துவது வீண் சுமை என்பர் சிலர். கிளியோபிளாஸ்டோமா எனும் வீரியமிக்க மூளைக்கட்டியில் கதிர்வீச்சோடு டெமோசோலமைடு மருந்து சேர்ந்தும் இடைநிலை வாழ்நாள் 14.6 மாதமே என 2005இல் வெளியான ஆய்வு காட்டியது உண்மை. ஆயினும் எல்லா மூளைக்கட்டியும் அதுவன்று. மெனிஞ்சியோமா போன்றவற்றில் பல்லாண்டு வாழ்வோர் பலர். நாட்கள் குறைவானவருக்கும் தம் கையால் உண்பதும் தம் சிகிச்சையைத் தாமே தீர்மானிப்பதும் மானத்தோடு வாழ்வதாகும்.

முடிவுரை

பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறை சிகிச்சையையும் வலிநிவாரணப் பராமரிப்பையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. மாவட்ட மனநலத் திட்டமும் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணும் உள்ளன. இவற்றை இணைக்கும் கண்ணிதான் வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் நாளிலும் ஒவ்வொரு மறுவருகையிலும் மூன்று கேள்விகளைக் கேட்டுச் சீட்டில் பதிய வேண்டும்: இவரால் முடிகிறதா? இவருக்கு மனம் இருக்கிறதா? வீட்டார் விடுகிறார்களா? இக்கேள்விகளைக் கேட்காமல் எந்த நோயாளியையும் ஒத்துழைக்காதவர் என்று எழுத மருத்துவத் துறைக்கு உரிமையில்லை.